புதுச் சல்லரி: ஒரு ரசிகரின் 46 கசற்றுகளை மீட்டெடுத்த பதிவு

பெரிய பிஸ்கற் தகரம் இரண்டு. அவற்றுக்குள் 46 கசற். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை செய்த ரசிகர் ஒருவர் 1981 தொடக்கம் 2003 வரை ஒரேயொரு அண்ணாவியாரின் (கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானின்) குரலுக்காகச் சேர்த்தவை இவை. வடமோடிக் கூத்துக் களரியில் விடிய விடியப் பதிந்தது, அம்மன் கோயில் சடங்கில் காவியம் படித்தது, வானொலியில் நாட்டார் பாடல் பாடியது என எல்லாம் இருந்தன. அண்ணாவியாரின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி இங்கே பெயர்கள் இல்லை.

வேலை தொடங்குமுன் அட்டைகளைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு கசற்றின் உள்ளட்டையிலும் நீல மையில் திகதி, இடம், கூத்தின் பெயர், ஒவ்வொரு தருவின் (கூத்துப் பாட்டின்) முதலடி எல்லாம் எழுதப்பட்டிருந்தன. சில அட்டைகளின் வலது மூலையில் ஒரு சின்னப் புள்ளி. என்னவென்று கேட்டால், அன்றிரவு அண்ணாவியாருக்குக் குரல் கட்டியிருந்ததாம். ஐந்து அட்டைகளில் அந்தப் புள்ளி இருக்கிறது. 1992ஆம் ஆண்டு அட்டையொன்றில் முதலடிகளுக்கு மேலே 'புதுச் சல்லரி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். சல்லரி என்பது கூத்தில் தட்டும் வெண்கலக் கைத்தாளச் சோடி. அந்த இரண்டு சொல் எவ்வளவு பெரிய உதவி என்பது கீழே வரும்.

எண்ணிக்கை இது: 90 நிமிடக் கசற் 29, 60 நிமிடம் 14, 120 நிமிடம் 3. மொத்தம் 63 மணி 30 நிமிடம். பூஞ்சணம் பிடித்தவை 11, அழுத்துப் பஞ்சு விழுந்தவை 9, ரேப் (ஒலிநாடா) அறுந்தவை அல்லது முனையில் கழன்றவை 5. மட்டக்களப்பின் கல்லடியில் ரசிகரின் மகள் வீட்டில் இருந்தபோது 2004 டிசம்பர் 26 சுனாமிக் கடலில் நனைந்தவை 3. மிச்சம் வெளியில் நல்லது. உள்ளே எப்படி என்பது ஓடினால்தான் தெரியும்.

பூஞ்சணம் பிடித்த கசற்றை ஒருபோதும் நேரே மெசினில் போடக்கூடாது. கசற்றின் கண்ணாடி வழியாக ரேப் சுற்றின் விளிம்பைப் பார்த்தால் மாப்போல வெள்ளை தெரியும். அதை ஓடவிட்டால் தூள் மெசினின் தலையிலும் (ரேப்பிலிருந்து ஒலியை வாசிக்கும் பாகம்) உருளையிலும் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் போகும். மூச்சில் போனால் நெஞ்சுக்கும் கூடாது. என்95 முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே காற்றுப்படும் இடத்தில்தான் திறக்க வேண்டும். இந்தப் பகுதியில் மாரி காலத்தில் இந்த வேலையைத் தொடுவதில் பயனில்லை. காய்வதைவிட வேகமாக ஈரம் ஏறும். தை கழிந்த பிறகு தொடங்குவது நல்லது.

முதலில் உலர்த்தல். 20 லீற்றர் மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டி, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், மலிவான ஈரமானி ஒன்று. கசற்றுகளை உறையிலிருந்து எடுத்து நிறுத்தி வைத்து மூடினால், 80 வீதத்துக்கு மேல் நின்ற ஈரம் மூன்று நாளில் 45க்கு வந்தது. பத்து நாள் அப்படியே விட்டோம். காய்ந்த பூஞ்சணம் தூளாக உதிரும்; ஈரப் பூஞ்சணம் தேய்த்தால் சேறுபோல அப்பும். பத்து நாள் பொறுப்பதற்குக் காரணம் அதுதான். சிலிக்கா ஜெல் வாங்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் வருவதை வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபோல்ற் உப்பு இருக்கும். அதைச் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுத்துத் திரும்பப் பாவிக்கக் கூடாது. செம்மஞ்சள் நிறத்ததை 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் அவனில் வைத்தால் மறுபடியும் ஈரம் குடிக்கும்.

காய்ந்த பிறகு கசற்றைத் திறக்கலாம். ஐந்து சின்னத் திருகாணிகள், நட்சத்திரத் தலை, 0ஆம் இலக்க ஸ்குரூ டிரைவர். கசற்றை மேசையில் படுக்க வைத்து மேல் பக்கப் பிளாஸ்ரிக் ஓட்டை (மூடியை) மட்டும் நேரே தூக்க வேண்டும். சாய்த்தால் இரு மூலையிலும் உள்ள உருளைகள் கழன்று உருண்டுவிடும். திறந்ததும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு வழுக்குத் தாள், இரண்டு உருளை, இரண்டு ஊசி, செப்புத் தகட்டில் பஞ்சு, அதற்குப் பின்னால் உலோகத் துண்டு என எல்லாம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பது பிறகு ஞாபகம் வராது. இந்தத் தொகுதியில் 7 கசற்றுக்குத் திருகாணியே இல்லை, ஓடு ஒட்டி வந்தவை. அவற்றின் பொருத்து வழியே மெல்லிய கத்தியை நுழைத்து, ரேப் இல்லாத பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து, சுற்றை வேறு திருகாணி ஓட்டுக்கு மாற்ற வேண்டும். கத்தி இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே போகக் கூடாது.

அழுத்துப் பஞ்சுதான் இந்தக் காலநிலையில் முதலில் போவது. பசை காய்ந்து பஞ்சு உதிர்ந்துவிடும். பஞ்சு இல்லாவிட்டால் ரேப் தலையோடு சேர்ந்து அழுத்துப்படாது. சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கி, இடையிடையே அறுபடும். பலர் இதைக் கேட்டுவிட்டு 'ரேப் பழுதாப்போச்சு' என்று எறிந்துவிடுகிறார்கள். பழைய வெற்றுக் கசற் ஒன்றிலிருந்து செப்புத் தகட்டோடு பஞ்சை எடுத்து மாற்றினால் ஐந்து நிமிட வேலை. பஞ்சை மட்டும் பசை போட்டு ஒட்டுவது வேண்டாம். பசை பஞ்சில் ஊறிக் கடினமாகி ரேப்பைச் சுரண்டும்.

அறுந்த ரேப்புக்கு 3.8 மில்லிமீற்றர் ஒட்டுநாடா தனியாகக் கிடைக்கிறது. சாதாரண செலோரேப் வேண்டவே வேண்டாம், இந்த வெப்பத்தில் அதன் பசை கசிந்து மூன்று சுற்றுக்கு ஒட்டிக்கொள்ளும். தலையைத் தொடும் பக்கம் வெளிப்பக்கம். ஒட்டு உட்பக்கத்தில்தான் விழ வேண்டும். 120 நிமிடக் கசற்றில் ரேப்பின் தடிப்பு 9 மைக்ரோன்தான், 90 நிமிடத்தில் 12. கையில் பிடித்து இழுத்தாலே நீண்டுவிடும். நீண்ட இடத்தில் குரல் ஆடும், அதைத் திருத்த வழியில்லை.

கடல்நீர் பட்ட மூன்றையும் வேறாக வைத்தோம். உப்பு காய்ந்து படிகமாகி ரேப் விளிம்பில் மின்னும். ஓடினால் அது அரத்தாள்போலச் சுரண்டும். ஓட்டைக் கழற்றி, இரண்டு சுற்றையும் ரேப்போடு எடுத்து, வாகனக் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரில் வைத்தோம். அது காய்ச்சி வடித்தது, உப்பு இல்லை. புதுப் போத்தல் வாங்க வேண்டும், பற்றரி அசிற் அல்ல, சீட்டைப் பார்த்து வாங்குங்கள். 15 நிமிடம் ஒரு தடவை, தண்ணீரை மாற்றி மூன்று தடவை. தேய்க்கக் கூடாது. பிறகு நிழலில் மின்விசிறிக் காற்றில் மூன்று நாள். தலைமயிர் உலர்த்தியும் வெயிலும் வேண்டாம். காய்ந்த பிறகு நூல் விடாத மென்துணிக்கு நடுவால் கையால் மெதுவாக மறுபக்கம் சுற்றி, புது ஓட்டில் போட வேண்டும். இரண்டு நன்றாக வந்தன. மூன்றாவதில் முனையிலிருந்து ஏறக்குறைய நான்கு நிமிடம் சுற்றோடு சுற்று ஒட்டி, பூச்சு உரிந்து போய்விட்டது. பிரிக்கும்போது பழுப்புத் தூள் துணியில் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டில் ஒரு வரவுத் தரு (பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் பாட்டு) இருந்தது.

இனி மெசின். வீட்டுப் பாவனைக்கான சாதாரண கசற் டெக் போதும், ஆனால் லைன் அவுட் இருக்க வேண்டும். பழைய டெக் என்றால் பெல்ட் பெரும்பாலும் போயிருக்கும். தாராக உருகி சக்கரத்தில் ஒட்டியிருக்கும். 99 வீத ஐசோபுறொப்பைல் அல்ககோலால் துடைத்து எடுங்கள். போமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம், அது தலையில் படலமாக நிற்கும். புதுப் பெல்ட்டின் அளவை எடுக்கச் சக்கரங்களைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு அளந்து, அதைவிட ஐந்து வீதம் சிறியதை வாங்குங்கள். 3000 ஹேர்ட்ஸ் சோதனைக் கசற் போட்டபோது இந்த டெக் 3042 காட்டியது, 1.4 வீதம் வேகம் கூட. மோட்டரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் திருகை பிளாஸ்ரிக் ஸ்குரூ டிரைவரால் சற்றுத் திருப்பி 3000க்குக் கொண்டுவந்தோம். அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

இதற்குப் பிறகு வருவதுதான் முழு வேலையின் உயிர்: தலையின் சாய்வு. பதிந்த ரெக்கோடரின் தலை இம்மியளவு சாய்ந்திருந்தால், அதே சாய்வில் வைத்துக் கேட்டால்தான் மேல் ஒலிகள் வரும். நேரான தலையில் கேட்டால் சல்லரி செத்துப்போய், 'ச', 'ஷ' எல்லாம் மழுங்கி, அண்ணாவியார் வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல இருக்கும். எந்த மென்பொருளாலும் இதைப் பிறகு கொண்டுவர முடியாது. ரேப்பில் இருந்து எடுக்காத ஒலி கோப்பில் இல்லை.

தலையின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த திருகாணி இருக்கும். முதலில் அதன் நிலையை மையால் குறித்துக்கொள்ளுங்கள். கசற்றை ஓடவிட்டு, சல்லரி கேட்கும் இடத்தில், கால் சுற்றுக்குள் முன்னும் பின்னும் திருப்பி, ஒலி எங்கே கூர்மையாகிறது என்று காதால் பிடியுங்கள். அடுத்தது நுணுக்கமான திருத்தம். மோனோ ரெக்கோடரில் பதிந்தால் இடம் வலம் இரண்டிலும் ஒரே ஒலிதான் இருக்கும். ஆகவே கணினியில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். சாய்வு சரியாக வரும்போது குரல் ஒன்றையொன்று அழித்து மிகவும் சன்னமாகும். அந்த இடத்தில் விட்டுவிட்டுத் தலைகீழை எடுத்துவிட வேண்டும். காதால் பிடிப்பதைத் தவிர்த்து நேரே இந்த முறைக்குப் போனால் பொய்யான இடத்திலும் சன்னமாகி ஏமாற்றும், வரிசை முக்கியம். பி பக்கத்துக்கு மறுபடியும் செய்யுங்கள். ஓடிய 45 கசற்றில் 31இல் இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இல்லை.

முன்பு ஒரு கடையில் இந்தத் தொகுதியிலிருந்து நான்கு கசற்றைச் சீடியில் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். தலையைத் தொடாமல், லப்ரொப்பின் மைக் துளையில் செருகிப் பதிந்தது. மத்தளம் விழும் ஒவ்வொரு இடமும் வெட்டுப்பட்டு நொறுங்கியிருக்கிறது. ரசிகர் பல வருடம் அந்தச் சீடியைத்தான் கேட்டு, 'ரேப் பழசாகிட்டு' என்று நம்பியிருந்தார். ரேப்பில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது வேகம். களரியில் கரண்ட் இல்லாத இரவுகளில் நாலு பெரிய பற்றரி போட்ட ரெக்கோடரில்தான் பதிந்திருக்கிறார். பற்றரி இறங்க இறங்க மோட்டர் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயரும். 1987 கசற் ஒன்று தொடக்கத்தில் சரியாக இருந்து, கடைசியில் சிறுவன் குரலாக முடிகிறது. அதைக் கேட்டு ரசிகர் சொன்னது: "இது அவர்ர குரல் இல்ல மனே. அவர் இவ்வளவு மேல நிண்டு படிக்கமாட்டார்." அவர் காது சரி.

எவ்வளவு குறைப்பது என்பதைக் காதால் ஊகிக்கக் கூடாது. கரண்ட் உள்ள இடத்தில் பதிந்திருந்தால் ஒலிபெருக்கியின் இரைச்சல் ரேப்பில் இருக்கும். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. அலைவரிசைப் படத்தில் 100 வரவேண்டிய இடத்தில் 104.8 வந்தால் 4.6 வீதம் குறைக்க வேண்டும் என்று கணக்கு. அது ஏறக்குறைய முக்கால்வாசி அரைச்சுரம். ஜெனரேற்றர் வைத்த கோயிலில் இது பலிக்காது, அதன் சுழற்சி ஏறி இறங்கும்.

கரண்டும் இல்லாத, ஜெனரேற்றரும் இல்லாத பதிவுகள் 9. அவற்றுக்குத்தான் சல்லரி. வெண்கலம் எங்கே அடித்தாலும் தன் சொந்த ஒலியைத்தான் தரும். ஒரே சல்லரி என்றால் ஆண்டு மாறினாலும் அது மாறாது. அண்ணாவியார் 1992 வரை ஒரு சோடி, பிறகு ஒரு சோடி பாவித்தார் என்பது அந்த அட்டையால் தெரிந்தது. கரண்டில் பதிந்து வேகம் சரிபார்த்த கசற்றுகளில், தரு முடிந்து விருத்தம் தொடங்குமுன் சல்லரி தனியாக இழுபடும் இடங்களைத் தேடினோம். அலைவரிசைப் படத்தில் பழைய சோடியின் ஒலி உச்சம் ஒன்று 3180 ஹேர்ட்ஸில் திரும்பத் திரும்ப வந்தது. பற்றரிக் கசற்றில் அதே உச்சம் 3340. 3180ஐ 3340ஆல் வகுத்தால் 0.952, அப்படியென்றால் 4.8 வீதம் குறைக்க வேண்டும். அட்டை இல்லாமல் 1993க்குப் பிந்திய கசற்றையும் பழைய சோடியின் கணக்கில் திருத்தியிருந்தால், அவ்வளவும் பிழையான சுருதியில் போயிருக்கும். சடங்கில் உடுக்கோடு படித்த பக்கங்களில் சல்லரி இல்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் பதிந்த களரிப் பகுதியிலிருந்து கணக்கை எடுத்தோம்.

ஒரே கசற்றுக்குள் வேகம் மாறிக்கொண்டு போனால் ஒரே வீதம் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து, இடைப்பட்ட பகுதியைச் சரிவாக மாற்றும் வசதியைப் பாவிக்க வேண்டும். இதற்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும். 1987 கசற்றைத் திருத்திப் போட்டுக் காட்டியபோது ரசிகர் எதுவும் பேசவில்லை; அட்டையைக் கையில் எடுத்து முதலடிகளை விரலால் தொட்டுக்கொண்டே கேட்டார்.

பதிவுக்கு லைன் இன் உள்ள யூஎஸ்பி ஒலி இணைப்பான், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பு. இடமும் நேரமும் இருந்தால் 96 கிலோஹேர்ட்ஸ் இன்னும் நல்லது. 48இல் நிமிடத்துக்கு 17.3 எம்பி, 63 மணி 30 நிமிடத்துக்கு ஏறக்குறைய 66 ஜிபி. உச்சம் கழித்தல் 10 டெசிபெல்லுக்கு மேல் போகாதபடி மட்டத்தை வையுங்கள். மட்டத்தைத் தீர்மானிக்கக் குரலைக் கேட்காதீர்கள். மத்தளம் உச்சத்தில் விழும் இடத்தைத் தேடிப் பாருங்கள். டொல்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) நிறுத்தியிருக்க வேண்டும், அந்தக் காலத்துக் கைரெக்கோடர்களில் அது இல்லை. பதியுமுன் கசற்றை ஒருதரம் முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பல வருடம் ஒரே நிலையில் இருந்த சுற்று சமமாக இறுகும். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். கரண்ட் நின்றால் ரேப் உருளைக்கும் தண்டுக்கும் நடுவில் பிடிபட்டு நிற்கும், விட்டுவைத்தால் மடிப்பு விழும்.

மத்தளம் விழும்போதெல்லாம் குரல் பின்வாங்கி, பிறகு மெல்ல மேலே வருவது பல கசற்றில் கேட்கும். கைரெக்கோடரின் தானியங்கி மட்டம் செய்த வேலை அது. திருத்த முயல வேண்டாம், இருப்பதும் கெடும். இரைச்சல் நீக்குவதிலும் அளவு வேண்டும். 6 டெசிபெல்லுக்கு மேல் நீக்கினால் சல்லரி தண்ணீருக்குள் கிடப்பதுபோலாகும். மூலக் கோப்பில் எதையும் தொடாமல் தனியே வைத்து, கேட்பதற்கான பிரதியில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அட்டைகளை இருபுறமும் அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்து அந்தந்தக் கோப்போடு வைத்தோம். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர், பக்கம் உண்டு. குறிப்புப் பகுதியில் முதலடிகளை அவர் எழுதிய எழுத்துப்படியே இட்டோம். 'பிழை' என்று தோன்றியதையும் திருத்தவில்லை, பல இடத்தில் அது அண்ணாவியார் உச்சரித்தபடியே எழுதியது. புள்ளி இருந்த ஐந்துக்கும் 'குரல் கட்டு' என்று சேர்த்தோம். கேட்டுப் பார்த்தால் நாலில் தெளிவாகத் தெரிகிறது. ஐந்தாவதில் நாங்கள் எவ்வளவு கேட்டும் பிடிபடவில்லை. ரசிகர் மட்டும் ஒரு விருத்தத்தின் இறக்கத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

இரண்டு வன்தட்டில் பிரதி, ஒன்று மட்டக்களப்பில் மகள் வீட்டில், மற்றது அண்ணாவியாரின் பேரனிடம். கசற்றுகள் திரும்பத் தகரத்துக்குப் போகவில்லை. தகரம் துருப்பிடித்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் 300 கிராம் சிலிக்கா ஜெல்லோடு, நிறுத்தி, ரேப் முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி வைத்தோம். ஸ்பீக்கருக்கும் மோட்டருக்கும் கிட்ட வைக்க வேண்டாம். மாரிக்கு முன்னும் பின்னும் ஈரமானியைப் பார்த்தால் போதும்.

37ஆம் இலக்கம் மட்டும் இன்னும் ஓடவில்லை. 120 நிமிடக் கசற், 1984, இரண்டு பக்கமும் ஒரே கூத்து. நடுவில் சுற்று இறுகி ஒட்டியிருக்கிறது; இழுத்தால் 9 மைக்ரோன் ரேப் நீண்டுவிடும். சிலிக்கா பெட்டியில் தனியே கிடக்கிறது. கச்சான் காற்று தொடங்கிக் காற்றில் ஈரம் இறங்கியதும் ஓட்டைக் கழற்றி, சுற்றைக் கையால் ஒவ்வொரு அங்குலமாக விடுவிக்க வேண்டும். அதற்கான வெற்று ஓடும் பஞ்சும் வாங்கி வைத்தாகிவிட்டது.